மேரி பாப்பின்ஸ் நூல்கள்: எந்த வரிசை, எந்தப் பதிப்பு, பிள்ளைகளுக்கு எப்படி வாசித்துக் காட்டுவது?

மழைக்குருவி

1964இல் வந்த டிஸ்னி படத்தைப் பார்த்த பிள்ளைகள் அடுத்துக் கேட்பது புத்தகத்தைத்தான். பி. எல். டிராவர்ஸ் எழுதிய மேரி பாப்பின்ஸ் நூல்கள் மொத்தம் எட்டு. ஏழெட்டு வயதுக்காரர்களுக்கு, ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தமிழில் சொல்லிக்கொண்டே போக ஒரு வழி வேண்டும். எதிலிருந்து தொடங்கலாம்? எந்த அத்தியாயம் பயமுறுத்தும்? பழைய பதிப்பு, திருத்திய பதிப்பு என்று இரண்டு உண்டாமே, எதை வாங்குவது? படத்து மேரியை எதிர்பார்த்துத் திறந்தால் ஏமாற்றம் வருமா? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள்.

ஏடுபுரட்டி

வெளியான வரிசையிலேயே போங்கள். முதல் மூன்று நூல்கள்தான் முதுகெலும்பு: 'மேரி பாப்பின்ஸ்' (1934), 'மேரி பாப்பின்ஸ் திரும்பி வருகிறாள்' (1935), 'மேரி பாப்பின்ஸ் கதவைத் திறக்கிறாள்' (1943). ஒவ்வொன்றிலும் அவள் ஒருமுறை வருகிறாள், ஒருமுறை போகிறாள். முதல் தடவை கிழக்குக் காற்று அவளைக் கொண்டுவந்து செர்ரி மரச் சந்து 17ஆம் எண் வீட்டு வாசலில் எறிகிறது. இரண்டாம் தடவை, மேகத்துக்குள் மறைந்துபோன பட்டத்தின் நூலைச் சுற்றி இழுத்தால் நுனியில் அவள் நிற்கிறாள். மூன்றாம் தடவை நவம்பர் 5, இங்கிலாந்தில் வாணம் விட்டுக் கொண்டாடும் கை ஃபாக்ஸ் இரவு. வாண வேடிக்கை ராக்கெட்டின் பொறிகளோடு இறங்குகிறாள்.

இதில் கவனிக்க வேண்டியது, எப்போது போவாள் என்பதை ஒவ்வொரு நூலின் முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறாள். முதல் நூலில் காற்று திசை மாறும்வரை. இரண்டாவதில் கழுத்துச் சங்கிலி அறும்வரை. மூன்றாவதில் கதவு திறக்கும்வரை. பிள்ளைகள் இந்த நிபந்தனையை மறக்கவே மாட்டார்கள். ஒவ்வொரு அத்தியாயத்திலும் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கேட்பார்கள். அந்தப் பதைப்புக்காகவே வரிசையைக் குலைக்கக் கூடாது.

நான்காவது நூலான 'பூங்காவில் மேரி பாப்பின்ஸ்' (1952) தொடங்குமுன் டிராவர்ஸே ஒரு சின்ன எச்சரிக்கை எழுதியிருக்கிறார். இதில் வருபவை எல்லாம் அந்த மூன்று வருகைகளுக்குள் நடந்தவை, நான்காம் வருகையை எதிர்பார்க்காதீர்கள், அவள் வந்துகொண்டும் போய்க்கொண்டுமே இருக்க முடியாது என்கிறார். ஆகவே 1952க்குப் பிந்திய நூல்களை முதலில் எடுத்தால் கதை புரியும், ஆனால் பிரிவு என்ற ஒன்று இருப்பதே தெரியாமல் போய்விடும். இன்னொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. பேங்க்ஸ் வீட்டில் தொடக்கத்தில் நான்கு பிள்ளைகள்: ஜேன், மைக்கேல், இரட்டையர் ஜானும் பார்பராவும். ஐந்தாவதாக அன்னபெல் பிறப்பது இரண்டாம் நூலின் நடுவில். மூன்றாவதை முதலில் வாசித்தால் "இந்தப் பாப்பா யார்?" என்ற கேள்வி வந்துகொண்டே இருக்கும்.

1962இல் வந்தது அகரவரிசைக் கதைகள், எழுத்துக்கு ஒன்றாக 26. 1975இல் வந்தது சமையல் நூல். 1982, 1988 இரண்டும் மெலிந்தவை, ஆளுக்கு ஒரே கதை. நூலகத்தில் கிடைத்தால் எடுங்கள், விலை கொடுத்து வாங்க முதல் நான்கு போதும்.

கிழக்குக்காற்று

ஏமாற்றம் வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். படத்து மேரி வேறு, புத்தகத்து மேரி வேறு. இதைத் தொடங்குமுன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுவது நல்லது.

படத்தில் ஜூலி ஆண்ட்ரூஸ் அழகி, பாடுவாள், கண் சிமிட்டுவாள். புத்தகத்தில் மெலிந்த உடம்பு, பெரிய கை கால், ஊடுருவிப் பார்க்கும் சின்ன நீலக் கண், பளபளக்கும் கறுப்பு முடி. பார்த்தால் மர டச்சுப் பொம்மை போல இருப்பாள் என்று எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு மரப்பாச்சியைக் காட்டினால் முகம் உடனே பிடிபடும். மேரி ஷெப்பர்ட் வரைந்த கோட்டோவியங்களும் அப்படித்தான். இவர் வின்னி த பூவுக்குப் படம் வரைந்த ஈ. எச். ஷெப்பர்டின் மகள், 1934இலிருந்து 1988 வரை இந்தத் தொடருக்கு வரைந்தவர்.

கதைக்களமும் வேறு. படம் 1910இல் நடக்கிறது, புத்தகம் எழுதப்பட்ட காலமான 1930களில். படத்தில் இரண்டே பிள்ளைகள். படத்தில் திருமதி பேங்க்ஸ் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடுகிறவர். புத்தகத்தில் அப்படி எதுவும் கிடையாது. படத்தில் பிள்ளைகள் எழுதிய விளம்பரத்தைக் கிழித்து அடுப்பில் போடுகிறார் அப்பா, அது பறந்து மேரியிடம் போகிறது. புத்தகத்தில் விளம்பரம் கொடுக்கச் சொல்வதே அப்பாதான்: முடிந்தவரை நல்ல ஆயா, முடிந்தவரை குறைந்த சம்பளத்துக்கு, உடனே வேண்டும். படத்தில் அப்பா திருந்துவதுதான் கதை. புத்தகத்தில் யாரும் திருந்துவதில்லை, யாரையும் திருத்த மேரி வரவும் இல்லை.

இன்னொன்று: குடையை விரித்துக்கொண்டு அவள் மேலிருந்து இறங்குவது படத்தில். புத்தகத்தின் முதல் அத்தியாயத்தில் ஒரு கையால் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் பையோடு, காற்றால் வீசப்பட்டு வந்து சேர்கிறாள். குடை விரிவது கடைசி அத்தியாயத்தில், மேற்குக் காற்றில் போகும்போதுதான். ஒரு கிளித்தலைக் குடையைப் புத்தகம் முழுக்க மூடியே வைத்திருந்து கடைசியில் விரிக்கும் அந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள்.

மழைக்குருவி

புத்தகத்து மேரி முழுக்க முழுக்கக் கண்டிப்பு என்றால் பிள்ளைகள் அவளிடம் எதற்கு ஒட்டிக்கொள்ள வேண்டும்? திட்டுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்வதில்லை, கண்ணாடியிலும் கடைச் சன்னலிலும் தன்னையே பார்த்துக்கொள்கிறாள் என்று படித்தேன். சத்தமாக வாசிக்கும்போது கடுமை கூடிப்போகாதா?

கிழக்குக்காற்று

அந்தக் கடுமையில்தான் மந்திரமே இருக்கிறது. அவள் எதையும் விளக்குவதில்லை. படிக்கட்டுக் கைப்பிடியில் கீழிருந்து மேலாகச் சறுக்கிப் போகிறாள். அது எப்படி என்று கேட்டால் முறைப்பு. காலிப் பையிலிருந்து வெள்ளை ஏப்ரன், சன்லைட் சோப்பு, பல் துலக்கி, கொண்டை ஊசிப் பொட்டலம், வாசனைத் தைலம், மடக்கு நாற்காலி எல்லாம் வருகிறது, கடைசியாகப் போர்வையோடு ஒரு மடக்குக் கட்டில். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. வித்தை காட்டுகிறவள் கைதட்டலுக்காக நிமிர்ந்து பார்ப்பாள். இவள் மூட்டை பிரிக்கிறாள், அவ்வளவுதான். அதனால்தான் நம்ப முடிகிறது.

பிறகு மறுப்பு. ஒவ்வொரு அதிசயமும் முடிந்த மறுநாள் பிள்ளைகள் அதைப் பற்றிப் பேச்செடுத்தால், என்னை என்னவென்று நினைத்தாய், நான் ஒழுக்கமான பெண் என்று சீறுவாள். ஆனால் டிராவர்ஸ் எங்காவது ஒரு தடயத்தை விட்டுவைப்பார். முழுநிலவு அத்தியாயத்தில் நள்ளிரவு மிருகக்காட்சி சாலை: மிருகங்கள் வெளியே நடமாட, மனிதர்கள் கூண்டுக்குள். அன்று மேரியின் பிறந்தநாள். காட்டின் தலைவரான ராஜநாகம் தன் தோலை உரித்து அவளுக்குப் பரிசளிக்கிறது. காலையில் அவள் எல்லாவற்றையும் மறுக்கிறாள்; இடுப்பில் பாம்புத் தோல் பெல்ட். இரண்டாம் நூலில் வானத்துச் சர்க்கஸில் சூரியன் அவள் கன்னத்தில் முத்தமிடுகிறது. மறுநாள் கன்னத்தில் சுட்ட தழும்பு. பிள்ளைகள் பார்க்கிறார்கள், ஒன்றும் சொல்வதில்லை. அவர்களுக்கும் அவளுக்கும் நடுவில் அதுதான் நட்பு.

கண்டிப்புக்கும் கொடுமைக்கும் என்ன வேறுபாடு என்பதை டிராவர்ஸ் இரண்டாம் நூலின் இரண்டாம் அத்தியாயத்தில் நேருக்கு நேர் நிறுத்திக் காட்டுகிறார். திரு. பேங்க்ஸைச் சிறுவயதில் வளர்த்த மிஸ் ஆண்ட்ரூ வீட்டுக்கு வருகிறாள். அவள் வருகிறாள் என்றதும் அப்பாவே வீட்டைவிட்டு ஓடிவிடுகிறார். அவளிடம் கூண்டில் அடைத்த வானம்பாடி ஒன்று. மேரி கூண்டைத் திறந்து பறவையை விடுகிறாள், மிஸ் ஆண்ட்ரூவைக் கூண்டுக்குள் அனுப்புகிறாள். இரண்டு பேரும் கண்டிப்பானவர்கள். ஒருத்தி பிள்ளையைச் சின்னதாக்குகிறாள். மற்றவள் அதட்டிக்கொண்டே அவர்களைப் பூமிக்கு அப்பால் கூட்டிக்கொண்டு போய்ப் பத்திரமாகத் திரும்பக் கொண்டுவந்து, பால் குடிக்கச் சொல்கிறாள். இந்த அத்தியாயத்தைக் கேட்ட பிள்ளை "மேரி ஏன் திட்டுகிறாள்?" என்று பிறகு கேட்பதில்லை.

இரவுக்கதை

சத்தமா வாசிக்கிறது பத்தி நான் சொல்றேன்.

மேரி பேசுறப்போ குரலை இளக்காதீங்க. அவ வசனமெல்லாம் குட்டி குட்டி. ஒரு மூக்குறிஞ்சல், ஒரு "ஹும்", முடிஞ்சது. பக்கத்துல ஒரு சிரிப்பையோ "செல்லம்"னு ஒரு சொல்லையோ சேர்த்தீங்கன்னா படத்து மேரி உள்ள வந்துடுவா, கதை தொங்கிடும். அதே சமயம் கத்தவும் வேண்டாம், அவ கோபத்துல கத்துற ஆள் இல்ல. பிள்ளைங்க குரல்ல பரபரப்பு, அவ குரல்ல ஒண்ணுமே நடக்காத மாதிரி ஒரு தட்டை. அந்த இடைவெளிதான் சிரிப்பையும் சிலிர்ப்பையும் கொண்டுவரும்.

தடயம் வர்ற வரியை அவசரமா தாண்டாதீங்க. அதுக்கு முன்னாடி மூச்சு விட்டு நிறுத்துங்க. முடிச்சதும் "பாத்தியா, நிஜமா நடந்திருக்கு"ன்னு விளக்கம் சொல்லாதீங்க. புத்தகம் சொல்லாததை நாம சொல்லக்கூடாது.

அத்தியாயம் எல்லாம் ஒரே நீளம் இல்ல. சின்னது இருபது நிமிஷத்துல முடியும், முழுநிலவு மாதிரி பெருசு நாற்பதைத் தாண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழ்ல சொல்லிட்டே போனா இன்னும் கூடும். அதனால பெரிய அத்தியாயத்தை ரெண்டு ராத்திரியா பிரிக்கணும். முழுநிலவுல ராஜநாகம் வர்றதுக்கு முன்னாடி நிறுத்தலாம். அதுக்கு அப்புறம் நிறுத்தினா யாரும் தூங்க மாட்டாங்க.

முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியது ரெண்டு மூணு இருக்கு. பழைய இங்கிலாந்துக் காசு: 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, ஆக ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. 1971ல தான் நூறாக மாத்தினாங்க. ரெண்டாம் அத்தியாயத்துல மேரியோட நண்பர் பெர்ட்கிட்ட ரெண்டே பென்னிதான் இருக்கு, மேரியை டீக்குக் கூட்டிட்டுப் போக அது பத்தாது. அது எவ்வளவு கொஞ்சம்னு தெரிஞ்சாத்தான், அவர் தரையில வரைஞ்ச படத்துக்குள்ள ரெண்டு பேரும் போய் ராஸ்பெர்ரி ஜாம் கேக் சாப்பிடுறது இனிக்கும். ஏழாம் அத்தியாயத்துல செயின்ட் பால் தேவாலயத்துப் படியில பறவைக்காரி விக்கிற தீனியும் ஒரு பை ரெண்டு பென்னி.

அப்புறம் நர்சரிப் பாட்டு. அஞ்சாம் அத்தியாயத்துல சிவப்புப் பசுவோட கொம்புல ஒரு நட்சத்திரம் மாட்டிக்கும், அதனால ஆட்டத்தை நிறுத்த முடியாது, கடைசில நிலாவைத் தாண்டிக் குதிக்கும். "ஹே டிடில் டிடில்" பாட்டுத் தெரிஞ்ச பிள்ளைக்கு அங்க கண்ணு விரியும். நம்ம ஊர் எல்கேஜியிலயே சொல்லித் தர்றதால பெரும்பாலும் தெரிஞ்சிருக்கும். தெரியலைன்னா அன்னிக்குச் சாயங்காலமே பாடிக் காட்டிடுங்க.

பதினொண்ணாம் அத்தியாயத்துல கிறிஸ்துமஸ் கடைக்கு ஆடையே சரியா இல்லாம ஒரு பொண்ணு வர்றா, பேரு மாயா. அவ வானத்துலேர்ந்து இறங்கி வந்த நட்சத்திரம், அக்கா தங்கைகளுக்குப் பரிசு வாங்க வந்திருக்கா. அவங்க கூட்டம் நாம கார்த்திகைன்னு சொல்ற அதே கூட்டம். மார்கழியில வாசிக்கிறீங்கன்னா மொட்டைமாடிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டலாம், ராத்திரி எட்டு மணிக்கு நல்லா உசரத்துல தெரியும்.

சீமைமருந்து

சின்ன எச்சரிக்கை. முதல் அத்தியாயத்து மருந்துப் புட்டி காட்சி: ஒரே புட்டியிலிருந்து மைக்கேலுக்கு ஸ்ட்ராபெர்ரி ஐஸ், ஜேனுக்கு எலுமிச்சைச் சாறு, இரட்டையருக்குப் பால், மேரிக்கு ரம் பஞ்ச். சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் அன்றைக்கு மருந்து அலமாரியைப் பூட்டி வையுங்கள். சர்க்கரை கலந்து மருந்து கொடுக்கிற பாட்டு படத்தில்தான், அதுவும் அங்கே அறையை ஒழுங்குபடுத்தும் காட்சிக்கு. புத்தகத்தில் சர்க்கரையே கிடையாது.

ஏடுபுரட்டி

பதிப்பு பற்றி. முதல் நூலின் ஆறாம் அத்தியாயம், 'மோசமான செவ்வாய்க்கிழமை', அங்கேதான் வேறுபாடு. மைக்கேல் பூங்காவில் ஒரு திசைகாட்டியைக் கண்டெடுக்கிறான். மேரி வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என்று சொல்லச் சொல்ல நான்கு திக்குக்கும் நொடியில் போய் வருகிறார்கள். 1934 பதிப்பில் அங்கெல்லாம் சந்திப்பது வெவ்வேறு இனத்து மக்களை. அவர்களைக் காட்டிய விதமும் பேசவைத்த விதமும் கேலிச்சித்திரம். எதிர்ப்பு நெடுநாள் இருந்தது, 1980இல் சான் ஃபிரான்சிஸ்கோ பொது நூலகம் புத்தகத்தையே அலமாரியிலிருந்து எடுத்தது. டிராவர்ஸ் 1981இல் அத்தியாயத்தைத் திருத்தி எழுதினார்: வடக்கே துருவக் கரடி, தெற்கே மக்கா கிளி, கிழக்கே பாண்டா, மேற்கே டால்ஃபின். ஷெப்பர்டும் படத்தை மாற்றி வரைந்தார்.

வாங்கும்போது அட்டையையோ அச்சான ஆண்டையோ நம்ப வேண்டாம். ஆறாம் அத்தியாயத்தைத் திறந்து வடக்கே யார் வருகிறார்கள் என்று பாருங்கள். கரடி இருந்தால் திருத்திய பாடம். பிள்ளைகளுக்கு அதுதான் சரி. பழைய பாடம் ஆராய்ச்சிக்கு.

பழைய பதிப்புதான் கையில் இருக்கிறது, அந்த அத்தியாயத்தைத் தாண்டிவிடலாமா என்றால், கூடாது. பன்னிரண்டாம் அத்தியாயத்தில் அவள் போகும்போது மைக்கேலுக்குக் கொடுத்துவிட்டுப் போவது அந்தத் திசைகாட்டியைத்தான். ஜேனுக்குத் தலையணையடியில் பெர்ட் வரைந்த தன் படத்தை விட்டுப் போகிறாள். ஆறையும் இரண்டையும் வாசிக்காதவர்களுக்கு அந்தப் பரிசுகள் வெறும் பொருள்கள். முதலும் கடைசியும் இடம் மாறக் கூடாது, இரண்டும் ஆறும் கடைசிக்கு முன்னால் வந்தாக வேண்டும். நடுவில் மற்றவற்றை முன்பின்னாக வைத்தாலும் பெரிய சேதமில்லை. பிள்ளைக்குப் பிடிக்குமா என்று சோதிக்க நான்காம் அத்தியாயம் தோதானது: சுருக்கம், நாய்க் கதை. செல்லமாக வளரும் ஆண்ட்ரூ என்ற நாய் தன் தெருநாய் நண்பனை வீட்டுக்குள் சேர்க்கச் சொல்லி அடம்பிடிக்கிறது, நாய்ப் பேச்சை மேரி மொழிபெயர்க்கிறாள்.

படத்துக்கும் இதே வகைச் செய்தி ஒன்று: பிரிட்டனில் 2024இல் அதன் தரச்சான்றை எல்லோருக்குமானது என்பதிலிருந்து பெற்றோர் வழிகாட்டல் தேவை என்று மாற்றினார்கள். படத்தில் வரும் அட்மிரல் பூம் என்ற பாத்திரம் சொல்லும் ஓர் இழிசொல்தான் காரணம்.

திரைநுட்பம்

படப் பேச்சு வந்ததால் ஒரு தகவல். பென்குவின்களோடு ஆடும் காட்சி நீலத் திரையில் (நடிகருக்குப் பின்னால் நீலத் திரை வைத்து எடுத்து, பிறகு அந்த நீலத்துக்குப் பதில் வேறு பின்னணியைச் சேர்க்கும் முறை) எடுத்தது என்று பலரும் எழுதுகிறார்கள். கிடையாது, அது சோடியம் ஆவி முறை.

நடிகர்களுக்குப் பின்னால் வெள்ளைத் திரை, அதன்மேல் சோடியம் விளக்கு. தெருவிளக்கில் பார்த்த அதே மஞ்சள். ஒளி முழுக்க ஏறத்தாழ 589 நானோமீட்டர் அலைநீளத்தில் குவிந்திருக்கும். நடிகர்கள்மேல் வழக்கமான விளக்கு. கேமராவுக்குள் ஒரு பட்டகம் ஒளியை இரண்டாகப் பிரிக்கும், இரண்டு ஃபிலிம் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்றில் அந்த மஞ்சளைத் தவிர எல்லா நிறமும் பதியும். மற்றது கறுப்பு வெள்ளை. அதில் அந்த மஞ்சள் மட்டும். அதாவது நடிகர் நின்ற இடத்தை மட்டும் அதே வடிவத்தில் மறைக்கும் படம், எடுக்கும்போதே தயார். பிறகு கார்ட்டூன் பின்னணியோடு சேர்த்து அச்சிட வேண்டியதுதான்.

நீலத் திரையில் நீல உடை போட்டால் உடம்பில் ஓட்டை விழும், முடியைச் சுற்றி நீல விளிம்பு தங்கும். இதில் எந்த நிற உடையும் போடலாம், ஏனென்றால் துணியின் மஞ்சள் பல அலைநீளங்களின் கலவை, அதிலிருந்து 589ஐ மட்டும் எடுத்தால் பெரிதாக ஒன்றும் குறையாது. மேரியின் தொப்பியில் தொங்கும் மெல்லிய வலைத்துணி வழியாகப் பின்னணி தெரிவதைப் பாருங்கள். அன்றைய நீலத் திரையில் அது மிகக் கடினம். கெடுவது எங்கே என்றால், சோடியம் ஒளி நடிகர்மேல் தெறித்தால். அதனால் திரைக்கும் நடிகருக்கும் நடுவில் போதிய தூரம் வேண்டும், பெரிய தளம் வேண்டும். அந்தப் பட்டகத்தைத் துல்லியமாகச் செய்வதும் பெரும் பாடு. முறை பரவாமல் போனதற்கு அதுவே முக்கியக் காரணம். பெட்ரோ விளாஹோஸ், அப் ஐவெர்க்ஸ், வாட்ஸ்வொர்த் போல் மூவருக்கும் இதற்காக அகாடமியின் தொழில்நுட்ப விருது கிடைத்தது. படம் 13 பரிந்துரை பெற்று 5 ஆஸ்கர் வாங்கியது, காட்சி விளைவுக்கானதும் அதில் ஒன்று.

கிழக்குக்காற்று

நுட்பம் அபாரம்தான். டிராவர்ஸுக்கு அந்தக் கார்ட்டூன் பகுதியே பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. புத்தகத்தில் படத்துக்குள் நுழைந்தபின் மரமும் புல்லும் மெய்யான மரமும் புல்லும்தான். உலகம் வேறு நிறமாகிவிடுவதில்லை. அதிசயம் அன்றாடத்துக்குள்ளேயே இருக்கிறது என்பது அவர் நம்பிக்கை.

மழைக்குருவி

பயமுறுத்தும் அத்தியாயங்கள் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே. டிராவர்ஸ் பற்றியும் கொஞ்சம் எழுதுங்கள்.

இரவுக்கதை

முதல் புத்தகத்துல பெருசா பயம் இல்ல. ஆறாம் அத்தியாயக் கடைசில மைக்கேல் தனியா திசைகாட்டியைத் திருப்புறப்போ நாலு திக்கும் அவன்மேல பாய்ற இடம் மட்டும். மேரி உடனே வந்துடுவா, அதனால அந்த இடத்துல நிறுத்தாம முடிச்சிடுங்க.

நிஜமா பயங்கரம் ரெண்டாவது புத்தகத்துல 'மோசமான புதன்கிழமை'. ஜேன் கோபத்துல பெயிண்ட் பெட்டியைத் தூக்கி எறிய, ராயல் டால்டன் பீங்கான் கிண்ணம் விரிசல் விடுது. கிண்ணத்துல வரைஞ்சிருக்கிற மூணு பையன்கள் அவளை உள்ளே கூப்பிடுறாங்க. உள்ள போனா பழைய காலத்து வீடு, ஒரு கிழவர், இனிமே நீ இங்கேதான்னு சொல்றார். வெளியே வர வழியே இல்லாத அந்த உணர்வு ஆறு வயசுக்கு ரொம்ப அதிகம், எட்டு வயசுக்கு மேல வைங்க. பகல்ல வாசிங்க. தடயம் மறக்காம வரும்: மேரியோட கட்டம் போட்ட கழுத்துத்துணி கிண்ணத்துப் படத்துக்குள்ள, புல்தரையில கிடக்கும்.

நாலாவது புத்தகத்துல 'அதிர்ஷ்ட வியாழக்கிழமை'யும் அதே வகை, மைக்கேல் பூனைகளோட உலகத்துல மாட்டிக்குவான்.

பயம் இல்லாம மனசைப் பிசையுறது முதல் புத்தகத்து ஒன்பதாம் அத்தியாயம். பால் பல் முளைக்கிறவரைக்கும் இரட்டைக் குழந்தைகளுக்குக் காத்தோட, வெயிலோட, மைனா மாதிரி ஒரு ஸ்டார்லிங் பறவையோட பேசத் தெரியும். பல் முளைச்சதும் மறந்துடுது. பறவை அழுது, அழலைன்னு சாதிக்குது. பிள்ளைங்க இதைச் சாதாரணமா கேட்டுப்பாங்க. வாசிக்கிற பெரியவங்களுக்குத்தான் குரல் உடையும், ஒருதடவை முன்னாடியே தனியா வாசிச்சுப் பார்த்துடுங்க.

ஏடுபுரட்டி

டிராவர்ஸ் 1899 ஆகஸ்ட் 9 அன்று ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், மேரிபரோ ஊரில் பிறந்தவர். இயற்பெயர் ஹெலன் லிண்டன் காஃப். அப்பா டிராவர்ஸ் காஃப் வங்கி மேலாளராக இருந்து பதவி இறக்கப்பட்டவர். மகளுக்கு ஏழு வயதாகும்போது இறந்துபோனார். அவருடைய முதற்பெயரைத்தான் மகள் புனைபெயரின் பின்பாதியாக வைத்துக்கொண்டார். 1924இல் இங்கிலாந்து போய், அயர்லாந்துக் கவிஞர் ஜார்ஜ் வில்லியம் ரஸ்ஸலின் பத்திரிகைக்குக் கவிதை அனுப்பி, அவர் வழியாகக் கவிஞர் யேட்ஸின் வட்டத்துக்குள் நுழைந்தார். தொன்மங்களின் மீதான பித்து அங்கே வேர்விட்டது. 1996 ஏப்ரல் 23 அன்று லண்டனில் காலமானார்.

புத்தகத்தில் ஜேனும் மைக்கேலும், அப்பா அலுவலகத்தில் நாணயங்களை வெட்டி வெட்டிப் பணம் செய்கிறார் என்று நம்புகிறார்கள். சில நாள் நிறையச் செய்வார், சில நாள் ஒன்றுமே செய்ய முடியாமல் வருவார். வங்கிக்காரரின் மகள் எழுதியது என்று தெரிந்து வாசித்தால் அந்தப் பத்தியின் எடை கூடும்.

நமக்கு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்று: 1971இல் டிராவர்ஸ் 'ஃபிரெண்ட் மங்கி' என்ற நாவல் எழுதினார். விக்டோரியா அரசி காலத்து லண்டனுக்கு வந்து சேரும் குரங்கு. அளவு மீறிச் செய்யும் பணிவிடையாலேயே வீட்டைத் தலைகீழாக்குகிறது. மூலவித்து அனுமன். மலையைப் பெயர்த்துக் கொண்டுவந்தவனை அறிந்த பிள்ளைகளுக்கு, ஒன்று கேட்டால் ஊரையே கொண்டுவரும் அந்தக் குரங்கை அறிமுகமே செய்ய வேண்டாம். மேரி பாப்பின்ஸ் அளவுக்கு இது பேசப்படாதது எனக்குப் பெரிய குறை.

திரைநுட்பம்

வேறு வடிவம் தேடுகிறவர்களுக்கு: 1983இல் சோவியத் ஒன்றியத்தில் இரண்டு பாகத் தொலைக்காட்சிப் படம் எடுத்தார்கள், நதால்யா ஆந்த்ரெய்செங்கோ மேரியாக. டிஸ்னி விட்டுவிட்ட பளிங்குச் சிறுவன் நீலியஸும் மிஸ் ஆண்ட்ரூவும் அதில் உண்டு; மிஸ் ஆண்ட்ரூவாக நடித்தவர் ஒலெக் தபகோவ் என்ற ஆண் நடிகர். 2004இல் லண்டனில் தொடங்கிய மேடை நாடகமும் மிஸ் ஆண்ட்ரூவைத் திரும்பக் கொண்டுவந்தது. 2018இல் வந்த அடுத்த டிஸ்னி படத்தில் எல்லாம் தலைகீழாகும் கடை ஒன்று வருமே, அதன் மூலம் இரண்டாம் நூலின் திரு. டர்வி.

மழைக்குருவி

கடைசியாக ஒன்று. மூன்றாவது நூல் முடிந்ததும் நான்காவதை உடனே எடுக்கலாமா, இடைவெளி விடலாமா? மூன்றாவதன் முடிவில் அவள் போனபின் மறுநாளே அவளோடு விளையாடினால் குழம்ப மாட்டார்களா?

ஏடுபுரட்டி

ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். மூன்றாவது நூலில் அவள் போவது சன்னல் கண்ணாடியில் பிரதிபலிக்கும் இன்னொரு அறையின் கதவு வழியாக. அந்த முடிவு உள்ளே இறங்க நாள் வேண்டும். நான்காவதைத் தொடங்கும் அன்று முதலில் டிராவர்ஸின் அந்த எச்சரிக்கையைச் சத்தமாக வாசியுங்கள். மூன்று வருகைக்குள் நடந்தவை என்று அவரே சொல்லிவிடுவதால் குழப்பம் வராது. எந்த வருகையில் நடந்திருக்கும் என்று பிள்ளைகள் கண்டுபிடிக்கப் பார்ப்பார்கள். அதற்கு ஒரு குறிப்பு கொடுக்கலாம்: அன்னபெல் கதையில் இருந்தால் முதல் வருகை அல்ல.

இரவுக்கதை

அதுல 'பூங்காவுக்குள் பூங்கா'ன்னு ஒரு அத்தியாயம் வரும். ஜேன் பிளாஸ்டிசின்ல குட்டிப் பூங்கா, குட்டி பெஞ்சு, குட்டி மனுஷன் எல்லாம் பிடிச்சு வைப்பா, அப்புறம் அதுக்குள்ளேயே போயிடுவா. வாசிக்கிறதுக்கு முன்னாடியே நாலஞ்சு நிறத்துல களிமண் வாங்கி வையுங்க, பச்சை மட்டும் ரெண்டு பொட்டலம்.